விராலுக்கும் ஒரு தடைக்காலம் வேண்டும்

சென்னையில் இருக்கிறவர்களுக்கு வீராணம் என்றால் குழாய்த் தண்ணீர். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு ஆடிப்பெருக்கும் வந்தியத்தேவனின் குதிரையும். காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, சேத்தியாத்தோப்பு பக்கம் பெண் கொடுத்த, பெண் எடுத்த குடும்பங்களுக்கு வீராணம் என்றால் விரால் மீன். நான் இந்த மூன்றாவது கோஷ்டி. எனக்குச் சொந்த ஊர் திருவதிகை. பக்கத்திலேயே கெடிலம் ஓடுகிறது. (வருடத்தில் சில நாட்கள்தான் ஓடுகிறது. மற்ற நாட்களில் ஆற்றுக்குள் கிரிக்கெட்தான் ஓடுகிறது.) அம்மாவின் ஊர் வீராணம் கரையை ஒட்டி. அதனால் செமஸ்டர் லீவு விட்டால் நான் இருக்கும் இடம் ஏரிக்கரை, கையில் இருப்பது தூண்டில்.

பி.காம். படிக்கிறவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். விலங்கியல் எனக்குத் தெரியாதுதான். ஆனால் முதல் எது, லாபம் எது என்று பிரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் இங்கே சொல்லப் போவதும் கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வரும். கொஞ்சம் சுற்றி வளைத்து வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

இப்போது எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் யூடியூப் பார்த்து மீன் பிடிக்கிறார்கள். மூங்கில் கழியும் மண்புழுவும் போய், கையில் ராடு, ரீல், ரப்பர் தவளை. தப்பே இல்லை, என்னிடமும் ஒரு ரப்பர் தவளை இருக்கிறது. அந்த வீடியோக்களில் முக்கால்வாசி அமெரிக்காவில் ‘பாஸ்’ என்ற மீனைப் பிடிப்பவை. பெரிய நீர்த்தேக்கம், மோட்டார் படகு, மீனைப் பிடித்து முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விடுவது. (என் மாமா ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு, “ஏன் மாப்ள, அவங்க வீட்ல கொழம்பு வைக்கிறதில்லயா?” என்று கேட்டார்.)

பாஸ் பிடிப்பவர்கள் ஒரு காலண்டர் வைத்திருக்கிறார்கள். வசந்த காலத்தில் தண்ணீர் சூடாக ஆரம்பித்ததும் மீன் கரையோர ஆழமில்லாத இடத்துக்கு முட்டையிட வரும். கோடையில் மேல்தண்ணீர் கொதிக்க, அடியில் குளிர்ந்த தண்ணீர் தனி அடுக்காக நிற்கும். மீன் அந்த எல்லையைத் தேடி ஆழத்துக்குப் போகும். இலையுதிர் காலத்தில் சின்ன மீன் கூட்டத்தின் பின்னாலேயே ஓடைவாய்களுக்கு வரும். குளிர்காலத்தில் ஆழத்தில் மந்தமாகக் கிடக்கும். இரையைத் தெர்மாமீட்டர் பார்த்து மாற்றுகிறார்கள். நல்ல காலண்டர்தான். ஆனால் அதை அப்படியே வீராணத்துக்குக் கொண்டுவந்தால் வெறும் பையோடுதான் வீடு திரும்ப வேண்டும்.

ஏன்? வீராணத்தில் ஆழமே இல்லை. “ஏரியின் முழுக் கொள்ளளவு 47.5 அடி” என்று பேப்பரில் படித்துவிட்டு, நாலு மாடி ஆழம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அந்த 47.5 அடி கடல் மட்டத்திலிருந்து அளப்பது, ஏரியின் தரையிலிருந்து அல்ல. மட்டம் சுமார் 39 அடிக்கு இறங்கினாலே சென்னைக்குத் தண்ணீர் எடுக்க முடியாமல் போய்விடுகிறது. கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. அதை ஏரியின் பரப்பால் வகுத்துப் பாருங்கள், சராசரி ஆழம் ஓர் ஆளின் உயரம் கூட வராது. அகலமான தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் மேட்டூரில் மேலடுக்கு, கீழடுக்கு என்று பேசலாம். இங்கே காற்று ஒரு அடி அடித்தால் மேலும் கீழும் கலந்துவிடும்.

அப்படியென்றால் வீராணத்தில் பருவம் எது? வெயிலும் குளிரும் இரண்டாம் பட்சம்தான். மதகுதான் பருவம். மேட்டூரில் ஷட்டர் தூக்கினால், கல்லணை தாண்டி, கொள்ளிடத்தில் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக எங்கள் ஏரிக்குப் புதுத்தண்ணீர் வரும். வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. இரண்டு மாத வித்தியாசம்! அந்த இரண்டு வருடமும் மீனின் நடமாட்டம் ஒரே மாதிரி இருக்குமா? அமெரிக்கக்காரர் தெர்மாமீட்டர் பார்க்கிறார். எங்கள் மாமா பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிறார். இரண்டும் ஒரே வேலைதான்.

சித்திரை வைகாசியில் ஏரி சுருங்கிவிடும். 2024 கோடையில் சுத்தமாகவே வறண்டு, சென்னைக்குத் தண்ணீர் அனுப்புவதையே நிறுத்தினார்கள். அந்த மாதிரி சமயத்தில் பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். விரால் தண்ணீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பியிருக்கும் மீன் இல்லை. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அதனால்தான் சேறு மாதிரி ஆன குட்டையில் கெண்டையெல்லாம் செத்து மிதந்த பிறகும் விரால் உயிரோடு இருக்கும். குட்டையும் காய்ந்தால் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். இந்தக் காலத்தில் தூண்டிலுக்கு வேலை குறைவு, ஊத்தாக் கூடைதான். கலங்கிய தண்ணீரில் கூடையைக் குத்திக் குத்திப் போக வேண்டும். கூடைக்குள் எதுவோ மோதினால் மேல் வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது தேளியாக இருந்தால் அன்று சாயந்தரம் வரை கை வீங்கிக் கிடக்கும். அதன் முள் அப்படி.

ஆடியில் புதுத்தண்ணீர் வந்ததும் எல்லாம் மாறும். இந்த மாற்றத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். காய்ந்த தரையில் முதல் தண்ணீர் பரவும்போது மண்ணில் இருந்த புழு, பூச்சி, காய்ந்த சாணி எல்லாம் மேலே மிதந்து வரும். மீனுக்கு அது கல்யாணச் சாப்பாடு. வடவாறு ஏரியில் கலக்கும் இடத்தில் கெளுத்தியும் கெண்டையும் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். அப்போது இரை என்ன என்று யோசிக்கவே வேண்டாம், மண்புழுவே போதும். ஈயக்குண்டை கொஞ்சம் கனமாகப் போட்டு இரையைத் தரையோடு தரையாக நிறுத்த வேண்டும். மெலிதான குண்டு போட்டால் ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்க் கரையில் ஒதுக்கிவிடும். தக்கை அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வீண். நரம்பை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் கெளுத்தி இடிப்பது விரலில் தெரியும்.

ஆவணி புரட்டாசியில் ஏரி நிரம்பியதும் மீன் பரந்துவிடும். புரட்டாசியில் ஊரில் பாதிப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள், விலையும் இறங்கும். தூண்டில்காரனுக்குப் பொறுமையைச் சோதிக்கும் மாதம். அவ்வளவு பெரிய தண்ணீரில் எங்கே என்று தேடுவது? கரையோரம் காட்டாமணக்குப் புதர் தண்ணீரில் மூழ்கி நிற்கும் இடம், அல்லி இலை படர்ந்த இடம், இங்கேதான் விரால் ஒளிந்து நிற்கும். அது துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை, பதுங்கிப் பாய்கிற மீன். பாஸும் அப்படித்தான், இந்த ஒரு விஷயத்தில் யூடியூப் பையன்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ரப்பர் தவளையை இலைமேல் போட்டு, இலையிலிருந்து தண்ணீருக்கு ‘பொத்’தென்று விழ வைத்து, ஒரு நொடி நிறுத்த வேண்டும். “டப்” என்று வெடி மாதிரி சத்தம் கேட்கும். உடனே வெட்டி இழுக்கக் கூடாது. மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். எண்ணாமல் இழுத்தால் தவளை மட்டும் முகத்தை நோக்கிப் பறந்து வரும்.

மார்கழி, தை பனிக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிகாலையில் போய் நடுங்குவது வீண் வேலை. வெயில் ஏறி, கரையோரத் தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஒன்பது, பத்து மணிக்குப் போனால் போதும். தண்ணீர் தெளிந்திருக்கும், அதனால் மெல்லிய நரம்பு, சின்ன முள், மைதா உருண்டை. ஜிலேபி நிறைய வரும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் இன்று எந்தக் குட்டையில் தூண்டில் போட்டாலும் முதலில் வந்து நிற்கிறது, கல்யாண வீட்டில் அழைக்காத விருந்தாளி மாதிரி.

நான் வேண்டுமென்றே தாண்டி வந்த மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். என் கட்சியே அங்கேதான் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் ஏரிக்குக் கீழணைத் தண்ணீர் மட்டுமல்ல, அரியலூர் மாவட்டத்து மழைத் தண்ணீரும் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாகப் பாய்ந்து வரும். (கருவாட்டு ஓடை வழியாக உயிர் மீன் வருகிற கதையை எங்கள் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.) ஏரி தாங்காது என்று லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடையிலும், சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றிலும் உபரித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கரையோர மேட்டு நிலமெல்லாம் முழங்கால் தண்ணீரில் மூழ்கும். புல்லும் பூண்டுமாக, ஆழமில்லாமல், இரை நிறைந்த புதுத்தண்ணீர். விரால் குடும்பம் நடத்த இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஜோடி விரால் புல்லை ஒதுக்கி வட்டமாக ஓர் இடம் செய்யும். முட்டை தண்ணீர்மேல் மிதக்கும். ஓரிரு நாளில் பொரிக்கும். குஞ்சுகள் செக்கச் செவேலென்று, ஆயிரக்கணக்கில், ஒரே திரளாக மேல்தண்ணீரில் நகரும். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் யாரோ குங்குமம் கொட்டிய மாதிரி இருக்கும். அந்தத் திரளுக்கு நேர் அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். கெளுத்தி வந்தாலும் தவளை வந்தாலும் பாம்பு வந்தாலும் மோதும். வாரக்கணக்கில் இந்தக் காவல் நடக்கும்.

இப்போது யோசியுங்கள். எது வந்தாலும் மோதுகிற மீன். எங்கே நிற்கிறது என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுக் காட்டுகிற குஞ்சுத் திரள். கையில் ரப்பர் தவளை. இதைவிடச் சுலபமான மீன்பிடி உலகத்திலேயே இல்லை. திரளின் நடுவில் தவளையைப் போட்டு இரண்டு முறை இழுத்தால் போதும். பசிக்காக இல்லை, பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகவே அது வாயைத் திறக்கும். இதை ‘டெக்னிக்’ என்று பெயர் வைத்து வீடியோ போடுகிறார்கள், கீழே நூறு பேர் “செம தல” என்று எழுதுகிறார்கள். புரட்டாசியில் அல்லி இலை ஓரமாக மூன்று எண்ணிப் பிடிப்பது திறமை. இது திறமை இல்லை. வாசலில் நிற்கிற அம்மாவை “உன் குழந்தை கீழே விழுந்துவிட்டது” என்று பொய் சொல்லி வெளியே வரவழைப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

காவல் மீன் போனபின் அந்தத் திரளின் கதி என்ன? கரையில் உட்கார்ந்து ஒருநாள் முழுக்கப் பார்த்தவன் சொல்கிறேன். காலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் ஜிலேபி வந்தது, பிறகு கெளுத்தி, மேலிருந்து கொக்கு. சாயந்தரம் சிவப்பே இல்லை. ஒரு விரால் குழம்புக்காக ஒரு ஏரிக்கரையின் அடுத்த தலைமுறை போயிற்று.

இங்கேதான் என் பி.காம். மூளை வேலை செய்கிறது. வீராணம் மாதிரி ஏரிகளில் இருக்கும் மீன்களைக் கணக்கில் இரண்டு தலைப்பில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. கட்லா, ரோகு, மிர்கால் இவை மூன்றும் ஓடுகிற ஆற்று வெள்ளத்தில் இனப்பெருக்கம் செய்கிற மீன்கள், தேங்கிய தண்ணீரில் செய்யாது. 1957-ல் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஹார்மோன் ஊசி போட்டு இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார்கள். அந்த ஜூலை 10-ஆம் தேதிதான் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினம். அதற்குப் பிறகு பண்ணையில் குஞ்சு பொரித்து ஏரியில் கொண்டுவந்து விடுகிறோம். அப்படியென்றால் கட்லா என்பது கடைச் சரக்கு. வாங்கினோம், விட்டோம், வளர்ந்தது, பிடித்தோம், அடுத்த வருடம் மறுபடி வாங்குவோம். ஒரு கட்லாவைப் பிடிப்பதால் ஏரிக்கு எதிர்கால நஷ்டம் எதுவும் இல்லை. விரால் அப்படி இல்லை. யாரும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்டாமலே தானே பெருகித் தானே காவல் காத்து வருடாவருடம் வருமானம் தரும் சொத்து. காவல் மீனைப் பிடிப்பது, மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அந்தப் பணத்தை லாபம் என்று எழுதுகிற மாதிரி. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

கடலில் இந்தக் கணக்கு ஏற்கெனவே புரிந்திருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-ல் 45 நாளாகத் தமிழ்நாட்டில் தொடங்கியது, 2017-லிருந்து 61 நாள். அந்த இரண்டு மாதம் கடலூர் துறைமுகத்திலும் சிதம்பரம் பக்கம் முடசல் ஓடை, அன்னங்கோயிலிலும் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவார்கள், படகுக்கு வர்ணம் அடிப்பார்கள், அரசு நிவாரணம் தரும். குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் “மீனுக்குப் பிள்ளை பெற நேரம் கொடு” என்ற கொள்கையை ஒரு கரையோர மாவட்டமே ஒப்புக்கொண்டு நடக்கிறது. அதே மாவட்டத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் உள்ளே வந்தால் அந்தக் கொள்கையைப் பற்றிப் பேச்சே இல்லை. கடல் மீனுக்கு மட்டும்தான் பிள்ளை பிறக்குமா?

பாஸ் பிடிப்பவர்களைக் கிண்டல் செய்தேன், அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. பாஸிலும் ஆண் மீன்தான் முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். அதனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல ஏரிகளில் ஜூன் நடுப்பகுதி தாண்டும் வரை பாஸ் பிடிக்கவே கூடாது என்று சட்டம். டொரண்டோவில் இருக்கும் நம் தமிழ் ஆட்கள் தூண்டில் தூக்குவதற்கு முன் லைசென்ஸும் எடுக்க வேண்டும், தேதியும் பார்க்க வேண்டும். யூடியூபில் மீன் பிடிக்கும் முறையை மட்டும் இறக்குமதி செய்த நாம் இந்தத் தேதியை இறக்குமதி செய்யவில்லை.

இதற்காகப் பாஸ் மீனையே கொண்டுவந்து விடலாம் என்று யாராவது கிளம்பினால் முதல் ஆளாக நான் எதிர்ப்பேன். ஜப்பானில் 1925-ல் ஒரு ஏரியில் விட்டார்கள். பிறகு பிவா ஏரி வரை பரவி, உள்ளூர் மீன்களைத் தின்று, இப்போது அதை ஒழிக்க அரசு செலவு செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1932-ல் ஜார்ஜியாவில் பிடித்த உலகச் சாதனை பாஸுக்குச் சமமான எடையில் 2009-ல் ஒன்று கிடைத்ததே, அது அமெரிக்காவில் இல்லை, அதே பிவா ஏரியில்! இன்னொரு வேடிக்கை, நம் விராலின் சீனத்துச் சித்தப்பா மகன் ஒன்று 2002-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குட்டையில் அகப்பட்டு, அந்த நாடே அலறியது. அவரவர் ஊரில் இருக்கும் வரைதான் மீனுக்கும் மரியாதை.

சரி, எதிர்க் கட்சிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்ப்போம். முதல் கேள்வி, ஏரியை நம்பிப் பிழைக்கிறவன் வயிற்றில் அடிக்கலாமா? கூடாது. அதனால்தான் நான் முழுத்தடை கேட்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் 45 நாள் விராலுக்கு மட்டும் தடை. வலைக்காரர்கள் கட்லா, ரோகு பிடிக்கட்டும், அது சரக்கு. தடையில் உண்மையாக நஷ்டப்படப் போவது என்னை மாதிரி லீவுக்கு வரும் தூண்டில்காரர்கள்தான். எங்கள் நஷ்டத்துக்காக யாரும் அழத் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. யார் கண்காணிப்பது? வெடி வைத்தும் விஷம் போட்டும் மீன் பிடிக்கக் கூடாது என்று 1897-லேயே இந்திய மீன்வளச் சட்டம் வந்துவிட்டது. வெடி நின்றதா? இப்போது பேட்டரியில் ஷாக் கொடுத்துப் பிடிப்பது வேறு சேர்ந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் இன்னொரு வரி சேர்ப்பதால் மட்டும் எதுவும் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏரி மீனைக் காப்பதில் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள், பிரச்சினை எங்கே என்று தெரியும். பொதுவாக நம் ஏரி குளங்களில் மீன்பாசிக் குத்தகை குறுகிய காலத்துக்குத்தான் போகிறது. குத்தகை எடுத்தவருக்கு அந்தக் காலத்துக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அடுத்த குத்தகைக்காரருக்காக அவர் ஏன் விரால் குஞ்சைக் காப்பாற்ற வேண்டும்? வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் யாராவது வெள்ளையடிப்பார்களா? அவரைத் திட்டிப் பயனில்லை, ஒப்பந்தம் அப்படி இருக்கிறது.

1968-ல் காரெட் ஹார்டின் பொதுச் சொத்து என்றாலே அழிந்துதான் போகும் என்கிற மாதிரி ஒரு கட்டுரை எழுதினார். அதை மறுத்து, ஊர்க்காரர்களே விதி போட்டுப் பொதுச் சொத்தை நன்றாகக் காத்த இடங்கள் உலகம் முழுக்க உண்டு என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. நமக்கு ஆஸ்ட்ரம் வரை போகவும் வேண்டாம். வீராணத்தை வெட்டியது பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன், பெயர் அப்பாவின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரிலிருந்து வந்தது. அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில்தான் ஊர்ச் சபையின் ஏரி வாரியம் வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட குழு! கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வருவாயும் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கட்டும் தொகை. அந்தப் பணத்தை அதே ஏரியின் பராமரிப்புக்குச் செலவிடும் வழக்கம் இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1950-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தூண்டில், ரீல் மாதிரிச் சாமான்கள்மேல் போடும் வரியைத் தனியாக எடுத்துவைத்து, மாநிலங்களின் மீன் வளத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்று. நம் பாசிப்பாட்டத்துக்கும் அதற்கும் ஆயிரம் வருடமும் ஒரு கடலும்தான் வித்தியாசம், கணக்கு ஒன்று. மீனிலிருந்து வந்த காசு மீனுக்கே போக வேண்டும்.

இன்று அப்படி ஒரு ஏற்பாடு வைத்தால் என்ன செய்யலாம்? குத்தகைக் காலத்தை நீட்டலாம். குத்தகைத் தொகையில் ஒரு பங்கைக் கரையோர மீனவர் சங்கங்களுக்கே கொடுத்து, அந்த 45 நாள் கரையைச் சுற்றி வரச் சொல்லலாம். குஞ்சுத் திரள் எங்கே இருக்கிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? லீவுக்கு வரும் தூண்டில்காரர்களிடம் ஒரு நாள் சீட்டு போட்டு ஐம்பதோ நூறோ வாங்கலாம், நான் முதல் ஆளாகக் கட்டுகிறேன். கோடையில் ஏரி வற்றும்போது நாலைந்து பள்ளங்களையாவது ஆழப்படுத்தி, அதில் ஊத்தா இறக்கக் கூடாது என்று விட்டுவைக்கலாம். அதில் பிழைக்கிற விரால்தான் ஆடியில் ஏரி முழுக்கப் பரவப் போகிறது. இது விதைநெல் மாதிரி. வறட்சி வருடத்தில் கூட விதைநெல்லைக் குத்திச் சாப்பிடாத ஊர்க்காரர்கள்தானே நாம்.

சென்னை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2004-லிருந்து சேத்தியாத்தோப்பு, வடக்குத்து, காடாம்புலியூர் என்று எங்கள் பக்கமாகத்தான் உங்கள் தண்ணீர் குழாயில் போகிறது. 235 கிலோமீட்டர். குடிதண்ணீர் வேண்டாம் என்று எந்த மனுஷனும் சொல்ல மாட்டான். கடைசிச் சொட்டு வரை எடுப்பதா, பள்ளத்தில் ஒரு கை தண்ணீர் மீனுக்கும் விடுவதா என்பதைப் பேசும்போது மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை ஆள் ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறேன்.

கேரளத்தில் கரிமீனை 2010-ல் மாநில மீன் என்று அறிவித்தார்கள். தெலங்கானாவின் மாநில மீன் நம் விரால்தான், அங்கே கொர்ரமீனு என்பார்கள். ஹைதராபாத்தில் ஜூன் மாதம் ஆஸ்துமாவுக்கு என்று உயிரோடு விழுங்குவதும் இதன் குஞ்சைத்தான். (அந்த வைத்தியத்தைப் பற்றிச் சண்டை போட வேறு பதிவு வேண்டும்.) பட்டம் கொடுப்பதால் ஒரு மீன் பிழைத்துவிடாது. ஆனால் எங்கள் பக்கம் அதுவும் கூட இல்லை.

சட்டம் வர வருடங்கள் ஆகலாம். அதுவரை தூண்டில் தூக்கும் நண்பர்களிடம் இரண்டே வேண்டுகோள். இந்த மழைக்காலத்தில் லால்பேட்டை, சேத்தியாத்தோப்பு ஷட்டர்களுக்குக் கீழே இறங்கி மீன் பிடிக்காதீர்கள். உபரித் தண்ணீர் திறந்தால் ஓடி ஏற நேரம் இருக்காது. இரண்டாவது, தண்ணீர்மேல் குங்குமம் கொட்டிய மாதிரித் தெரிந்தால் தவளையைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஃபர்லாங் தள்ளிப் போய் உட்காருங்கள். போன கார்த்திகையில் மாமா அப்படித்தான் என்னைக் கிளப்பினார். “வா மாப்ள, அந்த மதகாண்ட போலாம், இங்க புள்ளக்காரன் நிக்கிறான்.” அந்த மதகில் அன்று சாயந்தரம் வரை இரண்டு குரவையும் ஒரு ஜிலேபியும்தான் வந்தது. அத்தை அதையே குழம்பு வைத்துவிட்டாள்.